இருவரும் நேரில் வந்து சொல்லும்வரை

லண்டன்
1682 ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

அன்று கிரேவ்ஸெண்ட் துறையில் நான் சொல்லாதது இது: ஆம்புரோஸ் அத்தான் பத்து ஏக்கருக்காகக் கொடுக்கப்போகும் பெயர் கரோலினாவில் அந்தப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிவிட்டால், அவர் மட்டுமல்ல, அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளும், அவர்களுடைய பிள்ளைகளும் அந்த நிலத்துப் பிரபுவின் பண்ணையாட்கள். பிரபுவின் அனுமதிச் சீட்டு இல்லாமல் நிலத்தைவிட்டு வெளியே போய்ப் பிழைக்க முடியாது. ‘எல்லாத் தலைமுறைகளுக்கும்’ என்றே எழுதியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதை எழுதியது என் கை.

நீ டெட்ஃபோர்டில் வேலைக்கு இருந்த இரண்டு வருடத்தில் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பேனா பிடிக்க முடிவதில்லை. ராஜா கொடுத்த பட்டயத்தை வைத்துக்கொண்டு, அந்த எட்டுப் பிரபுக்கள் தாங்கள் கண்ணால் பாராத கரோலினாவுக்கு நூற்றிருபது பிரிவுகளில் சட்டம் எழுதியிருக்கிறார்கள். அதற்கு நல்ல பிரதி எடுப்பது அப்பாவின் வேலை. அப்பா காகிதங்களை மேலங்கிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் அவர் கையெழுத்தைப் போலவே எழுதிக் கொடுப்பேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றே அப்பாவை அனுப்பிவிடுவார்கள்.

துறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆள் சேர்ப்பவர் அதே அலுவலகத்தைச் சேர்ந்தவர். “பத்து ஏக்கர்ம்மா,” என்றார் உன்னிடம். “இங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒண்ணும் கிடையாது. அங்க போய் மோதிரம் போட்டுக்கங்க, பிரபுவோட ஆளு வந்து பத்து ஏக்கர் அளந்து குடுப்பாரு.”

அத்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன தாமசின், பத்து ஏக்கருக்காக மூணு மாசம் பொறுத்துக்கலாமா?”

“ஆறு வருஷம் பொறுத்தாச்சு. மூணு மாசத்துல என்ன ஆயிடப் போகுது,” என்றாய் நீ.

“தங்கச்சியும் வர்றதுதானே? அங்க பொண்ணுங்களுக்குப் பஞ்சம்,” என்றார் ஆள் சேர்ப்பவர்.

“அவ புத்தகத்தைக் கட்டிக்கிட்டா,” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பிரிவை நான் ஒப்பிக்க ஆரம்பித்திருந்தால், இது உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருப்பார்.

இந்தக் கடிதம் உங்கள் கப்பலுக்கு அடுத்த கப்பலில் வருகிறது. அத்தானைப் பெயர் கொடுக்கவிடாதே. நிலம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. அவருக்குப் பீப்பாய்த் தொழில் கையில் இருக்கிறது.

டாமரிஸ்


சார்ல்ஸ் டவுன், கரோலினா
1682 ஆகஸ்ட் 24

டாமரிஸ்,

உன் கடிதம் வந்தபோது பெயர் ஏறி ஏழு வாரம் ஆகியிருந்தது.

படித்துவிட்டு வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். கொசு கடித்ததுகூடத் தெரியவில்லை. சின்ன வயதில் என் பாவாடையில் மை கொட்டிவிட்டு இரண்டு நாள் சொல்லாமல் இருந்தாயே, அதே டாமரிஸ்தான். இப்போது கடல் குறுக்கே வந்த பிறகு எழுதுகிறாய். அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்தாய், சரி. என் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? என்னை நீ கட்டிப்பிடித்து அழுதபோது உன் வாய் என் காதருகில்தான் இருந்தது.

உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். பலகையை இழைத்துக்கொண்டே கேட்டார்.

“எங்க அப்பன் யாரு நிலத்துல செத்தான்?” என்றார். “அவன் அப்பன்? அங்க ஒரு பிரபு, இங்க ஒரு பிரபு. இந்தப் பிரபுவாவது பத்து ஏக்கர் குடுக்கிறான்.”

“அது நம்ம ரெண்டு பேரு உயிரு இருக்கிறவரைக்கும்தான். பிள்ளைங்களுக்கு இல்ல. பிள்ளைங்க அவனுக்கு,” என்றேன்.

“பிள்ளையே இன்னும் வரலையே.”

நான் வயிற்றில் கை வைத்தேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அன்று முழுக்க அவர் ஒரு பலகைகூட முடிக்கவில்லை. போகிற வருகிற எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆமாம், டாமரிஸ். ஏப்ரலில் பிறக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை இரண்டாம் வாரம் பாதிரியார் ஓக் மரத்தடியில் எங்களுக்கு மணம் செய்துவைத்தார். சாப்பாடு சோளக் கஞ்சி, மான் இறைச்சி, ஆற்றுச் சிப்பி. எங்கள் பிரபுவும் வந்திருந்தார். மூன்று வருடம் முன்பு பார்படோஸில் சர்க்கரை காய்ச்சிக்கொண்டிருந்தவர். எட்டுப் பிரபுக்கள் காகிதத்தில் ஒரு பட்டம் எழுதி அனுப்பினார்கள், இப்போது எதிரில் நிற்பவர் தொப்பியைக் கழற்றாவிட்டால் பேசுவதில்லை. அவர் பட்டத்தை வாயால் சொல்ல இங்கே ஒருவருக்கும் வரவில்லை. “சர்க்கரைப் பிரபு” என்று சொல்கிறார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும்.

நிலத்தைக் காட்டிவிட்டார்கள், குடிசை போட்டுவிட்டோம். ஆனால் பதிவாளர் முன்னால் இருவரும் போய் எங்கள் கல்யாணத்தை எழுதிக்கொண்ட பிறகுதான் அது எங்களுடையது என்று முறைப்படி ஆகுமாம். பதிவாளர் காய்ச்சலில் கிடக்கிறார். அவருக்குக் குணமானால் ஆம்புரோஸுக்கு வருகிறது. அடுத்த அமர்வில் போகலாம் என்று இருக்கிறோம்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே. அந்தச் சட்டப் புத்தகத்தில் என் பிள்ளைக்கு ஏதாவது வழி இருக்கிறதா, தேடு.

தாமசின்


லண்டன்
1682 நவம்பர் 30

அன்புள்ள அக்கா,

மூன்று வாரம் தேடினேன். வழி இருக்கிறது.

ஒரு பிரிவு இப்படிச் சொல்கிறது: எந்த ஒப்பந்தம் செய்திருந்தாலும், எந்தச் சடங்கு நடந்திருந்தாலும், மணமக்கள் இருவரும் பதிவாளர் முன் நேரில் வந்து அந்த மணத்தை ஒப்புக்கொண்டு, அவர் அதைப் பெற்றோர் பெயரோடு பதியும்வரை, அந்த மணம் செல்லாது.

நீங்கள் இன்னும் போகவில்லை அல்லவா. அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் நீ யாருடைய மனைவியும் இல்லை. பதிவேட்டில் ஏறியது அத்தானின் பெயர் மட்டும், உன் பெயர் ஏறவில்லை. உன் பிள்ளை உன்னுடையது மட்டும் என்று ஆனால், அது சுதந்திரமான பெண்ணின் சுதந்திரமான பிள்ளை. எந்தப் பிரபுவும் அதன்மேல் கை வைக்க முடியாது.

போகாமலேயே இருந்துவிடலாமே என்று முதலில் நினைத்தேன். அது போதாது. பிரபுவின் ஆட்கள் உங்களை இழுத்துக்கொண்டு போய்க் கேட்பார்கள், அத்தான் ‘ஆமாம்’ என்றுவிடுவார், நீ பேசாமல் நின்றால் அதையும் சம்மதமாக எழுதிக்கொள்வார்கள். அதனால் நீ போக வேண்டும். கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். அது எழுதப்பட வேண்டும். எழுதியதை அப்புறம் யாரும் அழிக்க முடியாது.

இன்னொன்று. அத்தானிடம் முன்கூட்டிச் சொல்லாதே. இருவரும் பேசிவைத்துச் சொன்னால் அது பிரபுவை ஏமாற்றியதாகும். அத்தானுக்குப் பொய் வராது என்று உனக்கே தெரியும். வெளியே வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் கோபப்படுவார், அப்புறம் புரிந்துகொள்வார். பத்து ஏக்கர் போகும். ஊர் நாலு நாள் பேசும். ஒரு வார்த்தைக்கு அது அதிக விலை இல்லை.

கிரேவ்ஸெண்டில் பேசாமல் இருந்ததற்கு இப்போது பேசுகிறேன். என்னை நம்பு.

டாமரிஸ்


சார்ல்ஸ் டவுன்
1683 மே 2

டாமரிஸ்,

நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

மாறி மாறி வந்த காய்ச்சலில் தள்ளித் தள்ளி, மார்ச் ஆறாம் தேதிதான் போனோம். பதிவாளர் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள், எல்லோரும் ஏதோ ஒன்றைப் பதிய வந்தவர்கள். எனக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது, ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். ஆம்புரோஸ் அன்று காலை சட்டைக் காலரைத் தானே துவைத்துப் போட்டிருந்தார்.

“ஆம்புரோஸ், இந்தப் பெண்ணை உன் மனைவின்னு ஒப்புக்கிறியா?” என்று பதிவாளர் கேட்டார்.

“ஒப்புக்கிறேன்யா. வயித்தைப் பாத்தா தெரியலையா,” என்றார். சிரிப்பு எழுந்தது.

“நீங்க சொல்லுங்கம்மா.”

“இல்லை,” என்றேன்.

சத்தம் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பதிவாளர் பேனாவைத் தூக்கிவிட்டுத் திரும்பக் கேட்டார். “யோசிச்சுச் சொல்லுங்க. பாதிரியார் பண்ணிவெச்சது ஊருக்கே தெரியும்.”

“இவர் என் புருஷன் இல்லை.”

“அப்ப பிள்ளை?”

“என்னோடது.”

பின்னால் ஒருவன், “பீப்பாய் செஞ்சவன் ஒருத்தன், நிரப்பினவன் ஒருத்தனா?” என்றான். கிழவர் அவனை அதட்டினார். நான் ஆம்புரோஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர், “தாமசின்,” என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டார். சின்னப் பிள்ளையை எழுப்புவதுபோல. பேனா கீறுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் இடம் காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். என்னென்ன வார்த்தை என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வழியில் அவர் இல்லை. வீட்டிலும் இல்லை. கருவிப் பெட்டியும் இல்லை. மறுநாள் துறையில் விசாரித்தபோது, பார்படோஸுக்குப் பலகை ஏற்றிப்போன படகில் அவரும் போய்விட்டார் என்றார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் பண்ணையாள் நிலத்தைவிட்டுப் போக முடியாது என்று எழுதியிருந்தாயே. அவர் போனார். யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி பெண் பிறந்தாள். உர்சுலா. தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் கோடு போட்டார்கள்.

பிரசவம் பார்த்தது ஃபீபா. சர்க்கரைப் பிரபு பார்படோஸிலிருந்து கொண்டுவந்த அடிமைகளில் ஒருத்தி. ஊர்ப் பெண்கள் யாரும் வரவில்லை, அவள்தான் வயலிலிருந்து வந்தாள். புருஷனை ஏன் இல்லை என்றாய் என்று கேட்டாள். சொன்னேன். குழந்தையைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் புத்தகத்துல இவளுக்கு ஒரு சந்து இருந்திருக்கு. எங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கு?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். எழுது.

நீ சொன்னது சரிதானே, டாமரிஸ்? சரி என்று ஒருமுறை எழுதிவிடு.

தாமசின்


லண்டன்
1683 மே 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. ஆனால் காத்திருக்க முடியவில்லை, நல்ல செய்தி இருக்கிறது.

நேற்று அப்பா கொண்டுவந்த காகிதக் கட்டில் உங்கள் ஊரிலிருந்து பிரபுக்களுக்கு வந்த கடிதம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினார்கள் அல்லவா, உங்கள் ஊர்ச் சட்டசபை போட மறுத்துவிட்டதாம். இப்போது மட்டுமல்ல, ஆரம்பத்திலிருந்தே அங்கே அது முறையாக ஏற்கப்படவே இல்லையாம். ராஜாவின் பட்டயத்திலேயே குடிமக்கள் சம்மதத்தோடுதான் சட்டம் என்று இருக்கிறது, சம்மதம் இல்லாதது சட்டமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பண்ணையாட்கள் பதிவேட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: அதை யாரும் நடைமுறையில் வைத்துக்கொள்ளவில்லை, சிலர் ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்ததோடு சரி.

அக்கா, அத்தான் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. பிள்ளையும் இல்லை. நான் எழுதிய எதுவும் உங்களைத் தொடாது. நவம்பரில் நான் சொன்னதைச் செய்யாதே. பதிவாளர் முன்னால் சந்தோஷமாகப் போய் ‘ஆமாம்’ என்று சொல். ஒருவேளை அந்தக் கடிதமே உனக்கு வந்து சேர்ந்திருக்காது. வழியில் எத்தனையோ கப்பல் மூழ்குகிறது. அது மூழ்கியிருக்கட்டும் என்று நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதில் மனிதர்கள் இருந்திருப்பார்கள் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

டாமரிஸ்


லண்டன்
1683 ஜூலை 26

அக்கா,

உன் கடிதம் வந்தது. ‘சரிதானே’ என்று கேட்டிருக்கிறாய். இல்லை. என் மே மாதக் கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டு நாலு முறை எழுதிக் கிழித்தேன். நல்ல வாக்கியங்களாக வந்தன. அதனால்தான் கிழித்தேன். அதற்குப் பதிலாக ஒரு உண்மையை எழுதுகிறேன். கிரேவ்ஸெண்டில் நான் பேசாமல் இருந்தது அப்பாவின் வேலைக்காக என்று சொன்னேன். அது பாதி. ஆறு வருடம் உன் ஆளுக்காகக் காத்திருந்தவள், அப்பாவின் கை இப்படி ஆன வருடத்திலா கிளம்ப வேண்டும் என்று எனக்குக் கோபம். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர் பெயரில் எழுதி, இந்த அறையிலேயே நான் முடிந்துபோவேன், நீ சிரித்துக்கொண்டே கப்பலேறுகிறாய். போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். கப்பல் நகர்ந்ததும் போய்விட்டது. அதற்குப் பரிகாரம் தேடித்தான் அந்தப் புத்தகத்தை அப்படிக் குடைந்தேன். உனக்கு வழி கண்டுபிடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே உண்மையிலேயே என்ன நடக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. தாளில் இருப்பது ஊரிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஃபீபா கேட்டதற்குப் பதில்: கரோலினாவின் சுதந்திரமான ஒவ்வொரு மனிதனுக்கும் தன் கறுப்பு அடிமைகள்மேல் முழு அதிகாரமும் ஆளுகையும் உண்டு. அவ்வளவுதான், ஒரு வரி. அந்த வரியை நான் ஒன்பது பிரதிகளில் எழுதியிருக்கிறேன். பண்ணையாள் வரியில் என் பேனா நின்றது. அங்கே ஒருமுறைகூட நிற்கவில்லை.

அத்தானுக்கு இப்போதே எழுது. பார்படோஸ் துறையில் பீப்பாய்க்காரர்கள் இருக்கும் தெருவை விசாரித்து அனுப்பு. யாராவது படித்துச் சொல்வார்கள். அவர் திரும்பி வருவார். வந்தால் இருவரும் போய் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

டாமரிஸ்


சார்ல்ஸ் டவுன்
1684 ஜனவரி 15

டாமரிஸ்,

உன் மே மாதக் கடிதம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அன்றே அவருக்கு எழுதி ஒரு மாலுமியிடம் கொடுத்தேன். டிசம்பரில் அந்தப் பலகைப் படகு திரும்பியது. நான் குழந்தையோடு துறைக்குப் போனேன். படகுத் தலைவர் என்னை யாரென்று தெரியாமல் பேசினார்.

“ஆம்புரோஸா? பீப்பாய்க்காரரா? பாவம், நல்ல மனுஷன். செப்டம்பர்ல வயித்துப்போக்கு வந்து போய்ட்டாரும்மா. எங்க ஆளுங்களே நாலு பேரு தூக்கினோம்.” அப்புறம், “சொந்தமா?” என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

“குடும்பம் இருக்கான்னு ஒரு தடவை கேட்டேன். ‘இல்லை, அவ இல்லைன்னுட்டா’ன்னாரு. கோவமா இல்ல. பேரு கேட்டா பேரு சொல்ற மாதிரி.”

நான் எழுதிய கடிதத்தை அந்த மாலுமி திருப்பிக் கொடுத்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்ததாம்.

அடுத்த நாள் பதிவாளரிடம் போனேன். அன்று சொன்னது பொய், அவர் என் புருஷன், உர்சுலா அவர் மகள், மாற்றி எழுதுங்கள் என்றேன். நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார்.

“இறந்துபோனவரை எப்படிம்மா கூப்பிட்டுக் கேக்கிறது?”

“அவர்தான் அன்னைக்கே ஒப்புக்கிறேன்னு சொன்னாரே. பத்துப் பேரு கேட்டாங்க. அந்தச் சட்டமே செல்லாதாமே. எங்க சபையே ஏத்துக்கலையாமே.”

“சட்டம் செல்லாதும்மா,” என்றார். “நீங்க சொன்னது செல்லும்.” பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். அழகான கையெழுத்து.

ஃபீபாவிடம் உன் பதிலைச் சொன்னேன். புத்தகத்தை இந்த ஊர் ஏற்கவில்லை என்றும் சொன்னேன். அவள் வயலில் மண்ணைக் கொத்துவதை நிறுத்தவில்லை. “அந்த ஒரு வரியையும் ஏத்துக்கலைன்னு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டாள். நான் இடுப்பிலிருந்த உர்சுலாவைத் தோளுக்கு மாற்றினேன். “போ, பாப்பா வெயில்ல இருக்கு,” என்றாள்.

உன் ஜூலைக் கடிதத்தில் கோபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. கிளம்பிப் போனது நான்தான். ஆனால் அன்று அந்த அறையில் ‘இல்லை’ என்று சொன்ன வாய் என்னுடையது. உன் கடிதம் சொல்லச் சொன்னது, சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், “சரி, நானும் இல்லைன்னே சொல்லிடறேன், வா,” என்று சிரித்திருப்பார். அவருக்குப் பொய் வராது என்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டோம். அவரை யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச காலம் எழுதாதே. அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

நிலத்தைப் புது வருடத்தில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நவம்பர்க் கப்பலில் வந்த ஒரு தம்பதி இப்போது எங்கள் குடிசையில் இருக்கிறார்கள். நானும் உர்சுலாவும் மூன்றாம் தேதி துறைக்குப் பின்னால் உள்ள கொட்டகைக்கு மாறிவிட்டோம். கப்பல்காரர்களின் துணிகளைத் துவைக்கிறேன்.

தாமசின்